கைக்கயிறும் தேசாபிமானமும்

சங்கரன்கோவில்

சிரஞ்சீவி பேரனுக்கு,

செப்டம்பர் முதல் தேதி நெற்கட்டும்செவலில் நடந்த பூலித்தேவர் விழாவுக்குப் போய்வந்ததையும், அதை ஒட்டி விடுதித் தோழர்கள் உன் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டிவிட்டதையும், அது தேசத்துக்காகப் போராடிய மாவீரனுக்கு நீ செய்யும் மரியாதை என்று கருதுவதையும் எழுதியிருந்தாய். விழாவுக்குப் போனதில் எனக்குப் பரம சந்தோஷம். கயிற்றைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது.

1857-இல் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1755-இல், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான் படையோடு வந்து நெற்கட்டும்செவல் கோட்டைக்கெதிரே முகாமிட்டு 20,000 ரூபாய் கப்பம் கேட்டபோது, கொடுக்க மறுத்து அவனை வெறுங்கையோடு திருப்பியனுப்பிய பாளையக்காரர் பூலித்தேவர் நம் பக்கத்து மண்ணில் வாழ்ந்தவர் என்று எண்ணி நீ பூரித்துப்போவது நியாயமே. ஆனால் அவர் தனியாகவா நின்றார்? பகைவர் முகாமுக்குள் ஒற்றை ஆளாகப் புகுந்தார் என்று ஜனங்கள் இன்றும் கதை சொல்லும் ஒண்டிவீரனும், சரிந்த குடலைத் தலைப்பாகையால் கட்டிக்கொண்டு போரிட்டார் என்று சொல்லப்படும் வெண்ணிக் காலாடியும், பட்டாணியத் தளபதிகளும் அவர் பக்கம் நின்றவர்களே. இன்றோ, ஒரே போர்க்களத்தில் ஒன்றாய் நின்றவர்களைத் தெருவுக்கு ஒருவராகப் பங்குபோட்டு, தனித்தனி நாளில், தனித்தனி நிறக் கொடியின்கீழ்க் கொண்டாடுகிறோம். இந்தப் பாகப்பிரிவினையைத் தேசாபிமானம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் கேள். 1761-இல் அந்தக் கோட்டையைப் பிடித்த யூசுப்கானும் நம் தமிழ்நாட்டவனே. கம்பெனிக்காக அத்தனை யுத்தங்கள் செய்த அவனே பின்னர் அதே கம்பெனியை எதிர்த்து நின்று, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். சரித்திரம் நமக்குச் சௌகரியமான வடிவில் என்றைக்குத்தான் நடந்திருக்கிறது? பூலித்தேவர் சிறைப்பட்டுச் செல்லும் வழியில் நம்மூர்க் கோவிலில் தரிசனத்துக்கு அனுமதி பெற்று உள்ளே போனவர் மறைந்தேபோனார் என்பது ஐதிகம். அந்தச் சந்நிதியிலோ ஒரு பாதி சங்கரனும் மறுபாதி நாராயணனுமாக ஒரே திருமேனி நிற்கிறது.

கயிற்று விஷயத்துக்கு வருகிறேன். அதன் நிறத்தைப் பார்த்தே இவன் இன்ன ஜாதி என்று நம் ஜில்லாக்களின் பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள் என்பது உனக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, 2024-இல் அளித்த அறிக்கையில் பள்ளிகளில் இந்த வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னார். நீ கல்லூரி மாணவன். உன்னைத் தடுக்க வாத்தியார் வரமாட்டார். நீயேதான் கழற்ற வேண்டும்.

1976-இல் நம் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவை நூலகத்தில் எடுத்து வாசி. விடுதலைப் போராட்டத்தின் உயர்ந்த லட்சியங்களைப் போற்றிப் பின்பற்றுவதையும், மத, மொழி, பிரதேச, பிரிவு பேதங்களைக் கடந்த சகோதரத்துவத்தை வளர்ப்பதையும் அது ஒவ்வொரு பிரஜைக்கும் கடமையாக விதிக்கிறது. முதலாவதை மட்டும் கைக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவதற்கு அதில் இடமில்லை. மன்னரே முன்வந்து ஜனநாயகத்தை அளித்த பூட்டானும், 2008-இல் இயற்றிய தன் சாசனத்தில் ஏறக்குறைய இதே சகோதரத்துவ வாசகத்தைத் தன் மக்களுக்குக் கடமையாக எழுதிவைத்திருக்கிறது. இமயத்தின் மடியில் இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு தேசத்துப் பையனுக்கும் உனக்கும் இந்த விஷயத்தில் ஒரே பாடந்தான்.

உனக்கு இன்னொரு கடமையும் உண்டு. பதினெட்டு நிறைந்துவிட்டபடியால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க உடனே விண்ணப்பித்துவிடு. 1989-க்கு முன் இருபத்தொரு வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை உன் அப்பாவிடம் கேட்டால் சொல்வான். ஓட்டுப் போடும்போது வேட்பாளரின் ஜாதியை விசாரிப்பவன், கையில் கயிறு இல்லாவிட்டாலும் மனத்தில் கட்டிக்கொண்டவனே.

கயிற்றைக் கழற்றினால் தோழர்கள் பரிகசிப்பார்கள். சிலர் பேச்சை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அது சுலபம் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. உன்னோடு அறையில் இருந்து, இந்தக் கயிறு வந்தபின் வேறு அறைக்குப் போய்விட்டதாக எழுதியிருந்தாயே ஒரு பிள்ளை, அவனை நீயே போய்ப் பார்த்துப் பேசு. தீபாவளிக்கு வரும்போது, அவன் சம்மதித்தால், அவனையும் அழைத்துக்கொண்டு வா. நம் வீட்டிலேயே தங்கட்டும், பாட்டியிடம் சொல்லியாயிற்று.

இப்படிக்கு,
தாத்தா