மங்கா காட்டும் பையன்கள்

கேள்வி: தன்பாலீர்ப்புள்ள பள்ளி மாணவர்களைப் பற்றிய ஜப்பானிய மங்கா படக்கதைகளை என் மகள் விழுந்து விழுந்து படிக்கிறாள். அதெல்லாம் நிஜ வாழ்க்கைதானா?
(ஒரு வாசகி, ஈஸ்ட்ஹாம், லண்டன்)

பதில்: பெரும்பாலும் இல்லை, சகோதரி. ‘பாய்ஸ் லவ்’ எனப்படும் இந்த வகை, 1970களில் பெண் ஓவியர்கள் முக்கியமாகப் பெண் வாசகர்களுக்காக வளர்த்தெடுத்தது. மோட்டோ ஹாகியோவின் ‘தாமஸின் இதயம்’ (1974) ஜெர்மன் விடுதிப் பள்ளி ஒன்றில் நடக்கிறது. இவ்வகையில் ஏக்கம் ததும்பும். வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் குறைவு. நம் குடும்பங்களில் வளரும் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பயம்தான் பாதி வாழ்க்கை.

யூகி கமதானியின் ‘ஷிமானமி தசோகரே’ வேறு ரகம். தன் கைப்பேசியில் இருந்த தன்பாலீர்ப்பு வீடியோவைச் சக மாணவர்கள் பார்த்துவிட்டதால் உயிரையே விட நினைக்கும் தசுக்கு என்ற பையனிடம் கதை தொடங்குகிறது. கேலிக்கு அஞ்சி அவன் தன்னையே மறுத்துப் பேசும் இடம் அத்தனை உண்மை! தன்பாலீர்ப்பாளரான கெங்கோரோ தகாமே வரைந்த ‘அவர் கலர்ஸ்’ஸும் அப்படியே, பள்ளி மாணவன் சோராவின் மௌனத்தை அவர் உள்ளிருந்து அறிவார்.

ஆலிஸ் ஓஸ்மானின் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ மங்கா அல்ல, ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு நெருக்கமானது. இப்படிப்பட்ட புத்தகங்களைத் தேட, 1979 முதல் இயங்கும் ‘கேஸ் தி வேர்ட்’ புத்தகக் கடை லண்டன் மார்ச்மாண்ட் தெருவில் இருக்கிறது. மகளையும் அழைத்துப் போங்கள். அவள் படிப்பதை நீங்களும் படியுங்கள்.