பங்கும் பாவும்

நம்பிக்கை: தொழிலாளிக்குப் பங்கு கொடுத்துவிட்டால் ‘நம்ம கம்பெனி’ என்று உயிரைக் கொடுத்து உழைப்பார்.

உண்மை: ஆரணியில் இதைச் சோதித்துப் பார்க்க ஐ.டி. கம்பெனி தேவையில்லை. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத் தொகை கட்டித்தான் ஒருவர் உறுப்பினர் ஆகிறார். சட்டப்படி அவரும் சங்கத்தின் சொந்தக்காரர். பங்கு எத்தனை இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். சங்கம் தரும் பாவு நூலையும் ஊடை நூலையும் ஜரிகையையும் வீட்டுத் தறியில் சேலையாக்கிக் கொடுத்துக் கூலி வாங்குகிறார். ஒரு பாவு முடிந்ததும் அடுத்தது வருமா, கூலி இழுத்தடிக்காமல் கிடைக்குமா, தேங்கிய சேலைகளின் கணக்கை மறைக்காமல் சொல்வார்களா என்பதில்தான் அவர் மனநிறைவு இருக்கிறது. தறி சும்மா நின்றால், முன்பணம் தரும் முதலாளியிடம் போவார். அதைத் துரோகம் என்று பேசுவது அநியாயம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

அமெரிக்காவில் கேத்தரின் க்ளைன் 1987-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. 37 நிறுவனங்களில் பங்கு பெற்ற 2,804 ஊழியர்களைக் கேட்டார். நிறுவனத்தில் எத்தனை சதவீதம் ஊழியர் வசம் என்பதற்கும் அவர்களின் திருப்திக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆண்டுதோறும் அவர்கள் கணக்கில் எவ்வளவு சேர்கிறது, நிர்வாகம் பங்குத் திட்டத்தை மனப்பூர்வமாக நடத்துகிறதா, விவரங்களைத் திறந்து சொல்கிறதா என்பவையே எடுபட்டன.

நம்பிக்கை: கூலி குறைந்தாலும் பங்கு ஈடுகட்டும்.

உண்மை: யுனைடெட் ஏர்லைன்ஸ் 1994-இல் சம்பளத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக 55 சதவீதப் பங்கை ஊழியர்களுக்குக் கொடுத்தது. விமானப் பணிப்பெண்கள் அதில் சேரவே இல்லை. 2000 கோடையில் விமானிகள் கூடுதல் நேரம் பறக்க மறுத்தார்கள். 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது. பங்கின் மதிப்பும் கரைந்தது. கூலியும் சேமிப்பும் ஒரே இடத்தில் இருந்தால் விழும்போது இரண்டும் சேர்ந்தே விழும். கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, அரசும் தன் பங்கைச் சேர்க்கும் நெசவாளர் சேமிப்புத் திட்டத்தை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

நம்பிக்கை: படிக்காத தொழிலாளிக்கு நிர்வாகம் வராது.

உண்மை: கேரளத்தின் வடகரை அருகே 1925-இல் கூலித் தொழிலாளிகள் தொடங்கிய ஊராளுங்கல் சங்கம் இன்று சாலையும் பாலமும் கட்டுகிறது, கோழிக்கோட்டில் ஐ.டி. பூங்காவும் நடத்துகிறது. கண்ணூரில் 1969-இல் பீடித் தொழிலாளிகள் தினேஷ் பீடியைத் தொடங்கினார்கள்.

ஆனால் சொந்தக்காரர் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நெசவில் தார் சுற்றுவதும் பாவு பிணைக்க உதவுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். பங்கு கணவர் பெயரில் மட்டும் இருந்தால், பேரவைக் கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு ஓட்டு இல்லை. சங்கம் அவரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும்; அவர் வேலைக்கும் தனியாகக் கூலி எழுத வேண்டும்.