வைப்அவுட் 2097-ஐ மறுபடி ஓட்டுகிறவர்களுக்கு

1996-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த வைப்அவுட் 2097-ஐ இப்போது மறுபடி எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். லிவர்பூலில் இருந்த சிக்னோசிஸ் நிறுவனத்தின் கேம். அமெரிக்காவில் வைப்அவுட் எக்ஸ்எல் என்ற பெயரில் விற்றார்கள். சக்கரமில்லாமல் தரைக்கு மேலே மிதந்து பாயும் வண்டிகள், எதிரியை வீழ்த்த ராக்கெட்டும் மைனும். கிராபிக்ஸ் இன்றைக்குக் கரடுமுரடுதான், தூரத்துக் கட்டடங்கள் திடீரென முளைக்கும். கண்ணுக்கு அது சீக்கிரம் பழகிவிடும். கைக்குத்தான் நாளாகும்.

காரணம், ஏர் பிரேக். வளைவு வந்ததும் திசைப் பொத்தானை மட்டும் அழுத்தினால் வண்டி நேரே போய்ச் சுவரில் உரசும். எல்2 இடப்பக்க ஏர் பிரேக், ஆர்2 வலப்பக்கம். இடது வளைவென்றால் இடது பொத்தானோடு எல்2-வையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதையும் வளைவுக்குள் போனபின் செய்தால் பயனில்லை. மூக்கு திரும்பினாலும் வண்டி பழைய திசையிலேயே கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகும். ஈரத்தரையில் ஓடிவந்து திரும்புவதுபோல. ஆகவே வளைவு வருமுன்பே மூக்கைத் திருப்பி, வழுக்கலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்தால் திரும்பாமல் வேகம் மட்டும் குறையும். கொண்டையூசி வளைவுகளுக்கு முன் வேகத்தைக் குறைக்க அது உதவும்.

மேல், கீழ் பொத்தான்களைப் பலர் தொடுவதே இல்லை. கீழே அழுத்தினால் மூக்கு உயரும். மேட்டில் ஏறும்போதும், தாவித் தரையிறங்கும்போதும் மூக்கு உயர்ந்திருந்தால் அடிப்பக்கம் தேயாது, வேகமும் போகாது.

வண்டித் தேர்வில் ஆசைப்படாதீர்கள். கைரெக்ஸின் உச்ச வேகம் கண்ணை இழுக்கும், ஆனால் திருப்பினால் திரும்பாது. ஃபைசார் மெதுவானது, சொன்ன பேச்சைக் கேட்கும். சுவரில் மோதுகிற வேகக்காரனைவிட மோதாத ஃபைசார்தான் சுற்றை முதலில் முடிக்கும்.

1995-இல் வந்த முதல் வைப்அவுட்டில் சுவரைத் தொட்டால் வண்டி ஏறக்குறைய நின்றே போகும். 2097-இல் உரசியபடி ஓட்டலாம். அதற்குப் பதிலாக வண்டியின் சக்தி கரையும், தீர்ந்தால் வெடித்துவிடும். சக்தியைத் திரும்ப நிரப்பத் தனிப் பாதை உண்டு. அதில் எவ்வளவு நேரம் இருக்கிறோமோ அவ்வளவு நிரம்பும் என்பதால், அங்கே மட்டும் அவசரம் வேண்டாம்.

எமுலேட்டரில் ஆடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரீவைண்ட் வசதியைத் தொடாதீர்கள். தவறிய வளைவை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிச் சரிசெய்தால், அதற்கு முந்தைய வளைவிலிருந்து எப்படி வெளிவர வேண்டும் என்பது கடைசிவரை பிடிபடாது. இந்த கேமில் பிழை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அனலாக் ஸ்டிக்கையும் ஒதுக்கிவிடுங்கள். 1996-இல் பிளேஸ்டேஷனோடு வந்த கன்ட்ரோலரில் ஸ்டிக்கே கிடையாது, திசைப் பொத்தானைத் தட்டித் தட்டி ஓட்டும்படி அமைத்த கேம் இது. டிவியில் கேம் மோடு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பொத்தானுக்கும் திரைக்கும் நடுவே வரும் தாமதத்தைக் கைப்பிழை என்று நினைத்து நொந்துகொள்வீர்கள்.

இசையை அணைக்கவே கூடாது. த ப்ராடிஜி, த கெமிக்கல் பிரதர்ஸ், அண்டர்வேர்ல்ட் எல்லாம் இதில் உண்டு. பாடல்கள் சாதாரண ஆடியோ சிடியைப் போலவே பதிவாகியிருப்பதால், டிஸ்க்கை சிடி பிளேயரில் போட்டும் கேட்கலாம். முதல் டிராக் கேமின் தரவு, அதைத் தாண்டிவிடுங்கள்.

எட்டு பந்தய டிராக்கையும் முடித்தே தீருவேன் என்று உட்காராதீர்கள். ஃபைசார் வண்டி, கனடாவில் நடக்கும் டாலன்ஸ் ரீச் டிராக், டைம் ட்ரையல். முதலில் இவற்றோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். எதிரிகளும் ராக்கெட்டும் பிறகு வரட்டும்.