உறைபனிக் காலத்தில் பசுமைக்குடில்



நவம்பர் பிறந்தால் ஊட்டியில் முதலில் நீர்ப்பனி, அதன் பின்னே உறைபனி. பிப்ரவரி வரை தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். நம் சகோதரிகள் பலர் வீட்டுக்குப் பின்னால் சிறிய பசுமைக்குடில் போட்டு புதினா, மல்லி, பாலக் கீரை வளர்த்து வீட்டுச் செலவுக்கு நாலு காசு பார்க்கிறார்கள். பாலிதீன் ஷீட் போட்டாகிவிட்டது, இனிப் பனி என்ன செய்துவிடும் என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து.

பனி மேலிருந்து விழுவதாகச் சொல்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் மண்ணும் இலையும் தங்கள் சூட்டை வானத்தை நோக்கி இழந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அரசு தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடி வைக்கிறார்கள். செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு, அவ்வளவுதான். சாதாரண பாலிதீன் காற்றைத் தடுக்கும். ஆனால் இந்தச் சூட்டைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். ஆகவே அமைதியான இரவில் குடிலின் உள்ளும் வெளியும் அதிக வித்தியாசம் இராது. ஃபஜ்ருக்கு எழும் நேரம்தான் குளிரின் உச்சம்.

இதற்குச் செலவில்லாத வழி, பகல் வெயிலைச் சேமித்து வைப்பது. மாலை 4 மணிக்கு, அஸருக்குக் கிளம்பும்போதே பக்கத் திரைகளை இறக்கிவிடுங்கள். மஃரிபுக்குப் பிறகு மூடினால் குளிரைத்தான் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். கறுப்புப் பெயின்ட் அடித்த தண்ணீர் டிரம் ஒன்றை வெயில் படும் பக்கம் வையுங்கள். 200 லிட்டர் தண்ணீர் 5 டிகிரி ஆறும்போது, 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிந்த அளவு சூட்டை வெளிவிடுகிறது, கரண்ட் பில் இல்லாமல். பாத்திகளின் மேல் மூங்கில் சிம்பை வளைத்துப் பழைய புடவையைப் போர்த்தினால் இரண்டாவது கூரை கிடைக்கும். துணியோ ஷீட்டோ இலையில் படக் கூடாது. பட்ட இடம் கருகும். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். ஈரமான மண் பகலில் சூட்டை வாங்கி வைக்கும், இலையும் இரவுக்குள் உலர்ந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிருக்குக் கரி அடுப்பைக் குடிலுக்குள் வைத்து மூடுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். கரிக்கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய அறையில் கரி மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளை மலையில் இருக்கும் நாம் அறியாதவர்கள் அல்ல. விடியுமுன் செடியைப் பார்க்கப் போகும் நம் வீட்டுப் பெண்ணுக்கும், பின்னாலேயே ஓடும் பிள்ளைக்கும் அது நடக்கலாம். ஒரு பாத்தி மல்லி போனால் போகட்டும்.

குளிருக்குப் பயந்து நாள் முழுவதும் மூடி வைப்பதும் தவறு. ஷீட்டில் கோத்த நீர் இலையில் சொட்டி, சாம்பல் நிறப் பூசணம் பிடிக்கும். நம் குடில்களில் பனியைவிட இதுதான் அதிகம் கெடுக்கிறது என்று நினைக்கிறோம். வெயில் ஏறியதும், 9 மணி வாக்கில், திரையைச் சற்றுத் தூக்கிவிடுங்கள். இலை உறைந்திருந்தால் தொடாதீர்கள், தானாக இளகட்டும். கருகிய நுனிகளைப் பனிக்காலம் முடியும் வரை வெட்டவும் வேண்டாம். அவை உள்ளிருக்கும் குருத்துக்குப் போர்வை.

தக்காளி, குடைமிளகாய் இந்த மாதங்களுக்குச் சரிவராது. இரவுகள் தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழே போனால் பூ காயாகாமல் உதிரும். பாலக், முள்ளங்கி, லெட்டூஸ், மல்லி ஆகியவை தாங்கும். புதினா குளிரில் மேலே சுருண்டாலும் வேர் சாகாது. போர்வை இருந்தால் இலையும் நிற்கும்.

விற்பனைக்குப் பயிரிடுவோர் உஷ்ர் பற்றிக் கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் கீரை, காய்கறிக்கும் உஷ்ர் உண்டு. நாமே செலவு செய்து நீர் பாய்ச்சினால் 20இல் ஒரு பங்கு. ஷாஃபி மத்ஹபில் கீரை வகைகளுக்கு இல்லை. வீட்டு முற்றமா, தனி நிலமா என்பதைப் பொறுத்தும் சட்டம் மாறும் என்பதால் இமாமிடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிவரும் சில ஆண்டுகளுக்கு ரமலான் பிப்ரவரி, ஜனவரி மாதங்களில்தான் வருகிறது. நோன்புக் கஞ்சிக்கு மல்லியும் புதினாவும் அன்றாடம் வேண்டும். பனியில் விலையும் ஏறும். இந்தக் குளிரில் மல்லி அறுவடைக்கு வர 60 நாள் வரை ஆகலாம். பிறை எதிர்பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, விதையை இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். பத்து நாள் இடைவெளி விட்டு அடுத்த பாத்தி போட்டால் இன்ஷா அல்லாஹ் மாதம் முழுவதும் பறிக்கலாம்.