காலத்தைக் கணக்கிடுவோம்

(மாணவி, இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

'காலம் பொன் போன்றது' என்று சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். பள்ளிக் கட்டுரைப் போட்டிகளில் நாமும் அதையே எழுதியிருக்கிறோம். ஆனால் பொன்னைச் சேர்த்து வைக்கலாம்; அவசரத்துக்கு அடகு வைத்துப் பிறகு மீட்கலாம். காலத்தை அப்படிச் செய்ய இயலாது. வந்த மணி நேரத்தை வந்தபோதே செலவழித்தாக வேண்டும். அதை நல்ல முறையில் செலவழிப்பது எப்படி? முதலாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தோற்ற பிறகே இக்கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொண்டேன். அப்போது கற்றுக்கொண்ட சிலவற்றைச் சக மாணவ மாணவியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கடிகாரங்கள்

இயற்பியல் மாணவி என்பதால் அளவையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு வினாடி என்பது என்ன? சீசியம்-133 அணு வெளியிடும் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 919,26,31,770 அலைவுகளுக்கு ஆகும் நேரம் என்று 1967-ல் வரையறுத்தார்கள். இந்த வினாடி பாரிசிலும் ஒன்றுதான், கீழக்கரையிலும் ஒன்றுதான்.

ஆனால் எங்கள் கீழக்கரையில் மனிதர்கள் மூன்று கடிகாரங்களின்படி வாழ்கிறார்கள். முதலாவது, கைக்கடிகாரம். பேருந்தும் பள்ளியும் அலுவலகமும் இதற்குக் கட்டுப்பட்டவை. இது காட்டும் இந்திய நேரம் 1906 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்டது. கீழக்கரையோ சுமார் 78.8 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், கடிகாரம் பன்னிரண்டு காட்டிச் சராசரியாகச் சுமார் 15 நிமிடம் கழித்தே எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருகிறது.

இரண்டாவது கடிகாரம் சூரியன். பள்ளிவாசலின் ஐந்து வேளைப் பாங்கும் சூரியனை ஒட்டியவை. எனவே சுபுஹு பாங்கின் நேரம் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது கடிகாரம் சந்திரன். கடல் ஏறுவதும் வற்றுவதும் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்ற இறக்கம் மிகும். வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் என் வாப்பாவுக்குச் சந்திரனும் காற்றும்தாம் கடிகாரம்.

இவற்றை நான் சிறு வயது முதல் பார்த்து வந்தவள். ஆயினும் என் படிப்புக்கு அட்டவணை போட்டபோது கைக்கடிகாரத்தை மட்டுமே நினைத்தேன். என் தோல்வி அங்கேதான் தொடங்கியது.

ஓர் அட்டவணையின் கதை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனால் முதல் பருவத்தில் துணைப்பாடமான கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை என்று தெரிந்த அன்று, தோற்றது நான் மட்டுமல்ல என்று பட்டது. பக்கத்து வீட்டில், "பொம்பளைப் புள்ளைக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயிப் படிப்பு எதுக்கு?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

அன்றிரவே வண்ண எழுதுகோல்களால் ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். காலை நான்கு மணிக்கு எழுவது. கல்லூரி நாட்களில் 6 மணி நேரம், சனி ஞாயிறுகளில் 12 மணி நேரம் படிப்பது. பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாளே குலைந்தது. முதல் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. குடம் நிரப்புவதில் விடியற்காலை போயிற்று. மறுநாள் பேருந்து பிந்தியது. மூன்றாம் நாள் விருந்தினர் வந்தனர். விட்டுப்போன மணிகளை மறுநாளில் சேர்த்தேன். அந்த நாள் இன்னும் பாரமாயிற்று. படித்த நேரத்தைவிட, படிக்கவில்லையே என்று வருந்திய நேரம் அதிகமாயிற்று. தூக்கமும் கெட்டது.

வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த வாப்பா ஒரு நாள் நிமிர்ந்து அந்த அட்டவணையைப் பார்த்தார். "எல்லா நாளும் ஒரே மாதிரி போட்டிருக்கியேம்மா. கச்சான் அடிக்கிற நாளும் வாடை அடிக்கிற நாளும் ஒண்ணா? காத்தைக் கேக்காமப் பாயை விரிக்க முடியுமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

168 மணி நேரம்

அட்டவணைக்கு முன் ஒரு வாரக் கணக்கு எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒரு சிறு குறிப்பேட்டில் அரை மணிக்கு ஒரு முறை என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதினேன். வாரத்துக்கு 168 மணி. அதில் தூக்கம் 49. இராமநாதபுரத்துக்குச் சுமார் 18 கிலோமீட்டர் பேருந்துப் பயணமும் சேர்த்துக் கல்லூரிக்கு 45. வீட்டு வேலை 21. உணவு, குளியல், தொழுகை முதலியவற்றுக்கு 17½. மொத்தம் 132½. எஞ்சியது 35½ மணி.

நான் கிழித்த அட்டவணையோ வாரத்துக்கு 54 மணி கேட்டது! கையில் 35½ ரூபாய் வைத்துக்கொண்டு 54 ரூபாய்க்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போனவளின் நிலை என் நிலை. அதற்குப் பெயர் சோம்பல் அன்று, கணக்குப் பிழை.

அந்த 35½-லும் உண்மையாகப் படித்தது 10½. கைப்பேசி பார்த்தது 14. மீதி 11 மணி எங்கே போயிற்று என்று எனக்கே எழுதத் தெரியவில்லை. வேலையின் சுமை மட்டும் மனத்தை அழுத்துவதில்லை. எதை எப்போது செய்வது என்று தீர்மானிக்காமல் எல்லாவற்றையும் எந்நேரமும் மனத்தில் சுமப்பதும் அழுத்துகிறது என்பதை அந்தப் பதினொரு மணி எனக்குக் காட்டிற்று.

நான் கைக்கொண்ட நான்கு வழிகள்

முதலாவது: நல்ல நேரத்தைக் கடினமான பாடத்துக்குக் கொடுப்பது. கடிகாரத்துக்கு எல்லா மணியும் சமம். நமக்கு அப்படி அல்ல. விடியற்காலையில் அரை மணியில் விளங்கும் கணக்கு, இரவு பத்து மணிக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் விளங்குவதில்லை. நம் மாவட்டத்து அப்துல் கலாம் அவர்கள் சிறுவயதில் இராமேசுவரத்தில் விடியுமுன் எழுந்து கணக்குப் பாடத்துக்குப் போனார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைச் சேகரிக்கும் வேலையும் பார்த்தார். பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். வேலையும் படிப்பும் சேர்ந்திருந்த அந்த நாட்களில் கணக்குக்கு முதல் இடம் இருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஆனால் என் விடியற்காலை வீட்டு வேலைக்கு உரியதாக இருந்தது. தயங்கித் தயங்கி, "உம்மா, சுபுஹுக்கு அப்புறம் ஒன்றரை மணி நேரம் எனக்கு வேணும்" என்று கேட்டேன். "படிக்கத்தான் வேணும்னு சொன்னா நான் என்ன, வேணாமுன்னா சொல்லப் போறேன்? நீ இதுவரைக்கும் கேக்கலையே" என்றார். அன்று முதல் தண்ணீர் எடுப்பது தம்பியின் வேலையாயிற்று. கேட்காமல் மனத்துக்குள் குமைந்ததில் ஒரு பருவத்தை இழந்திருக்கிறேன். மாணவியர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன்.

இரண்டாவது: வேலைக்கு எல்லை வகுப்பது. நார்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-ல் 'எக்கனாமிஸ்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவுக்கும் அந்த வேலை நீண்டுவிடும் என்பது அதன் சாரம். 'இன்று கணிதம் படிப்பது' என்று எழுதினால் அதற்கு முடிவே இல்லை. 'ஏழு மணிக்குள் பகுதித் தொகையீட்டில் மூன்று கணக்கு' என்று எழுதினால் முடிவு உண்டு. முடித்தோம் என்ற நிறைவும் உண்டு. அந்த நேரத்தில் கைப்பேசி அடுத்த அறையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது: மறப்பதற்குள் நினைவுகூர்வது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலறிஞர், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று தம்மையே சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக மறந்துபோகிறது. பிறகு மறதியின் வேகம் குறைகிறது. ஆகவே மாலைப் பேருந்தில், புத்தகத்தைத் திறக்காமல், அன்றைய வகுப்புகளில் சொன்னவற்றை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறேன். நின்றுகொண்டு போனாலும் இதைச் செய்யலாம். வராத இடத்தை மட்டும் வீட்டில் புரட்டுகிறேன்.

நான்காவது: கொஞ்சம் வெறுமையாக விடுவது. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மீன்வளம் பெருகுவதற்கான ஏற்பாடு அது. அந்நாட்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். வலைகளைச் சரி செய்வார்கள். கடலுக்கே ஓய்வு வேண்டும் என்றால் நமக்கு வேண்டாமா? ஏழு மணி நேரத் தூக்கத்தில் நான் கை வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் பாடநூல் தொடுவதில்லை. எதிர்பாராத வேலைகளுக்கென்று ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறேன். விருந்தினர் வந்தாலும் இப்போது என் வாரம் குலைவதில்லை.

முடிவாக

இப்போது நான் படிப்பது வாரத்துக்கு 20 மணி. பழைய அட்டவணை கேட்டதில் பாதிகூட இல்லை. அடுத்த பருவத் தேர்வில் அந்தக் கணிதத் தாளை மீண்டும் எழுதி 58 மதிப்பெண் பெற்றுத் தேறினேன். பெரிய மதிப்பெண் அன்று என்பதை அறிவேன். ஆனால் அத்தேர்வுக்கு முந்திய இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

நண்பர்களே, எல்லோருக்கும் 35½ மணி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. மாலையில் கடைகளில் வேலை செய்துவிட்டு வந்து படிப்போரும், நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்வோரும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்து மணிகூட மிஞ்சாது. அவர்களைச் சோம்பேறிகள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. அவர்களே தம்மை அப்படி நினைத்துக்கொள்ளவும் கூடாது. பத்து மணி இருந்தால் பத்து மணிக்கான திட்டம் போதும். ஆகவே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். ஒரு வாரம் உண்மையை மட்டும் எழுதுங்கள். உங்கள் கையில் இருப்பது எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு திட்டமிடுங்கள். காற்றைக் கேட்டுப் பாய் விரிப்பவர் கரை சேர்வார்.