1984 தந்த ஆறு ஆல்பங்கள்: ஓர் இளம் ராக் கலைஞனுக்குக் கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அதில் எனக்குப் பிடித்த சுயாதீன ராக் ஆல்பங்களைச் சொல்லக் கேட்டிருந்தாய். கையில் பதினோரு பாட்டு இருக்கிறது, நல்ல ஸ்டுடியோவுக்குப் பணம் சேரும்வரை இன்னும் ஓராண்டு பொறுக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். நான் தேர்ந்தெடுக்கும் ஆண்டு 1984. உன் இரண்டாவது கேள்விக்கான விடையும் அந்த ஆண்டுக்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்காவில் அந்த ஆண்டு யாருடையது என்று கேட்டால், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' என்பார்கள், பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெய்ன்' என்பார்கள். இரண்டும் பெரிய நிறுவனங்களின் முழு பலத்தோடு வந்தவை. இரண்டும் அந்தப் புகழுக்குத் தகுந்தவை. 'பர்ப்பிள் ரெய்ன்' என்ற அதே பெயரில் வந்த பிரின்ஸின் படத்தில் வரும் மேடை மினியாபொலிஸ் நகரின் 'ஃபர்ஸ்ட் அவென்யூ' அரங்கம். அதே கட்டடத்தில் 'செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி' என்று ஒரு சின்னக் கூடம் உண்டு. நான் சொல்லப்போகும் பேண்டுகளில் இரண்டு அந்தக் கூடத்தில் வாசித்து வளர்ந்தவை. வேனில் ஊர் ஊராகப் போய், கிடைத்த இடத்தில் படுத்து, மறுநாள் அடுத்த ஊரில் வாசித்தவர்களின் ஆண்டாகவும் 1984 இருந்தது.

முதலில் ஹஸ்கர் டூவின் 'ஸென் ஆர்கேட்'. உங்களைப் போலவே மூன்று பேர்: கிட்டார் பாப் மோல்ட், டிரம்ஸ் கிராண்ட் ஹார்ட், பேஸ் கிரெக் நார்டன். எழுபது நிமிடம் ஓடும் இரட்டை இசைத்தட்டு. வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பையன், வெளியுலகம் வீட்டைவிடக் கொடியது என்று கண்டுகொள்ளும் கதை அதில் ஓடுகிறது. 1983 அக்டோபரில் கலிபோர்னியாவின் ரெடோண்டோ பீச்சில், ஸ்பாட் என்று எல்லோரும் அழைத்த ஒலிப்பதிவாளருடன் உட்கார்ந்தார்கள். வாசித்து முடிக்க 45 மணி நேரம், மிக்சிங்குக்கு ஒரே மூச்சில் 40 மணி நேரம், மொத்தச் செலவு 3,200 டாலர். இரண்டு பாட்டுகள் தவிர மற்ற எல்லாமே முதல் டேக்.

இந்தக் கணக்கைக் கேட்டு வியப்பவர்கள் அதோடு நின்றுவிடுகிறார்கள். நீ அதற்கு முந்தைய மாதங்களைப் பார். அந்தக் கோடை முழுக்க செயின்ட் பால் நகரில் ஒரு பழைய தேவாலயத்தில் மணிக்கணக்காக ஜாம் செய்தார்கள், பாட்டுகளை அடித்துத் திருத்தினார்கள். முதல் டேக் சரியாக அமைந்தது அந்தத் தேவாலயத்தில்தான். ரெடோண்டோ பீச்சில் அதற்கு நாடா ஓடியது, அவ்வளவுதான். ஸ்டுடியோவில் மணிக்குக் காசு. ஒத்திகை அறையில் உன் நேரம் மட்டுமே செலவு. காசு இல்லாதவன் நேரத்தைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

அந்த ஆல்பத்தின் குறையையும் மறைக்கமாட்டேன். ஒலி மெலிந்தது. கிட்டார் இரைச்சலுக்குள் பேஸ் பல இடங்களில் காணாமல் போகிறது. இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் கனமாக வந்திருக்கும். ஆனால் கிராண்ட் ஹார்ட் பாடும் 'பிங்க் டர்ன்ஸ் டு புளூ'வைக் கேட்கும் யாரும் பேஸ் எங்கே என்று தேடப்போவதில்லை. பாட்டு முழுமையாக இருந்தால் ஒலியின் குறையைக் கேட்பவர் மன்னிக்கிறார். பாட்டு அரைகுறையாக இருந்தால் எந்த மைக்கும் அதைக் காப்பாற்றாது.

அடுத்தது என் மனதுக்கு மிக நெருக்கமானது, மினிட்மென் குழுவின் 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்'. கலிபோர்னியாவின் சான் பெட்ரோ துறைமுகத்தில் உழைப்பாளிக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள்: கிட்டாரில் டி. பூன், பேஸில் மைக் வாட், டிரம்ஸில் ஜார்ஜ் ஹர்லி. பூனும் வாட்டும் சிறுவயதிலிருந்தே நண்பர்கள். 1983 நவம்பரில் ஓர் ஆல்பத்துக்கு வேண்டிய பாட்டுகளைப் பதிவுசெய்து முடித்திருந்தார்கள். ஹஸ்கர் டூ இரட்டைத் தட்டு போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி எட்டியது. உடனே உட்கார்ந்து இன்னும் இரண்டு டஜன் பாட்டுகள் அளவுக்கு எழுதி, 1984 ஏப்ரலில் மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மொத்தச் செலவு 1,100 டாலர். மிக்சிங் ஒரே இரவில் முடிந்தது. இரண்டு ஆல்பங்களையும் வெளியிட்ட எஸ்.எஸ்.டி. நிறுவனம், ஒன்றாகவே வரட்டும் என்று ஹஸ்கர் டூவின் தட்டை நிறுத்திவைத்தது. 1984 ஜூலையில் இரண்டும் சேர்ந்து வந்தன.

இதில் நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த உறவு. சக பேண்ட் பெரிதாக ஒன்று செய்துவிட்டது என்று கேட்டதும் மினிட்மென் முகம் சுளிக்கவில்லை, பாட்டு எழுதினார்கள். உன் ஊரில் உன்னோடு சேர்ந்து வாசிக்கும் பேண்டுகளை அப்படிப் பார். அவர்கள் புதிதாக ஒன்று போட்டால் முதல் ஆளாகப் போய்க் கேள். அது உன்னைவிட நன்றாக இருந்தால் சந்தோஷப்படு. வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கு. ஒரு காலத்தின் இசை தனி ஒருவரால் உருவாவதில்லை. ஒருவரை ஒருவர் தூக்கிவிடும் நாலைந்து குழுக்கள் வேண்டும்.

மினிட்மென் தங்கள் சிக்கனத்தை 'ஈகானோ' என்று பெயர் வைத்து வாழ்ந்தவர்கள். வேனைத் தாங்களே ஓட்டினார்கள், ஆம்ப்ளிஃபயரைத் தாங்களே தூக்கினார்கள். தொடக்கத்தில் ஸ்டுடியோ வாடகை குறைவான நள்ளிரவு நேரமாகப் பார்த்துப் போனார்கள், ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்திய நாடாவை வாங்கினார்கள். அந்தச் சிக்கனம் பாட்டுக்குள்ளும் இருக்கிறது. பெரும்பாலான பாட்டுகள் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வீணான ஒரு சுற்று கிடையாது. ஆனால் அவர்களுடைய காதுகள் சிக்கனமானவை அல்ல. ஃபங்க், ஜாஸ், நாட்டுப்புறம் என்று கேட்டதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது.

எதைப் பற்றிப் பாடினார்கள் என்பதையும் கவனி. வேலை, கூலி, மத்திய அமெரிக்காவில் நடந்த போர்கள், தங்கள் நட்பு. 'கொரோனா' என்ற பாட்டு, மெக்சிகோ கடற்கரையில் காலிப் பாட்டில் பொறுக்கிய ஒரு பெண்ணைப் பார்த்த பிறகு பூன் எழுதியது. நீ அனுப்பிய பாட்டுகளில் நெடுஞ்சாலை வருகிறது, விஸ்கி வருகிறது, பனி வருகிறது. பனியை நீ பார்த்ததில்லை, தம்பி. உன் அப்பா வேலை பார்க்கும் உப்பளத்தையும், அங்கே வெயிலில் கண் கூசி நடக்கும் பெண்களையும் தினமும் பார்த்தவன் நீ. அவை உன் பாட்டில் இல்லை. இது தமிழில் பாடு, ஆங்கிலத்தில் பாடாதே என்ற பேச்சு அல்ல. எந்த மொழியில் பாடினாலும் நீ கண்டதைப் பாடு. சான் பெட்ரோவின் பாட்டு உலகத்துக்குப் புரிந்ததற்குக் காரணம் அது சான் பெட்ரோவை விட்டு விலகாததுதான்.

மூன்றாவது, ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் 'லெட் இட் பி'. மினியாபொலிஸின் உள்ளூர் நிறுவனமான ட்வின்/டோன் 1984 அக்டோபரில் வெளியிட்டது. பாடகர் பால் வெஸ்டர்பெர்க் அதற்கு முன் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். பேஸ் வாசித்த டாமி ஸ்டின்சனுக்குப் பதிவின்போது இன்னும் பதின்ம வயதுதான். இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த பீட்டர் ஜெஸ்பர்சன் அவர்களுடைய டெமோ கேசட்டைக் கேட்டு, நம்பி, நிர்வாகியாக உடன் நின்றார். அதிவேகமாக வாசித்துச் சத்தம் போடுவதில் பெயர் வாங்கிய குழு அது. இந்த ஆல்பத்தில் வெஸ்டர்பெர்க் வேகத்தை விட்டுக் கீழே இறங்கினார். 'ஆண்ட்ரோஜினஸ்' பாட்டைப் பியானோவில் உட்கார்ந்து பாடினார். 'ஆன்சரிங் மெஷின்' பாட்டில் அவர் குரலும் ஒரு கிட்டாரும் மட்டுமே. துணிச்சல் என்றால் உரக்கக் கத்துவது என்று நம்பிய ரசிகர் கூட்டத்துக்கு முன்னால் மெல்லப் பாடுவதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும். அந்த ஆண்டு 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், ஸ்பிரிங்ஸ்டீனும் பிரின்ஸும் முதல் இரண்டு இடங்களில் இருந்த பட்டியலில், இந்த ஆல்பம் நான்காவதாக வந்தது.

நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து ஒரே பாடத்தைச் சொல்கின்றன. அரிசோனாவின் மீட் பப்பெட்ஸ் முதல் ஆல்பத்தில் காதைக் கிழிக்கும் வேகத்தில் வாசித்தவர்கள். 'மீட் பப்பெட்ஸ் II' ஆல்பத்தில் பாலைவன வெயிலில் மயங்கியதுபோன்ற கன்ட்ரி இசைக்குத் திரும்பினார்கள். கர்ட் கிர்க்வுட்டின் குரல் அதில் சுருதியைத் தொட்டும் தொடாமலும் அலைகிறது. எனக்கு அது குறையாகவே தோன்றியதில்லை. பிளாக் ஃபிளாக் குழுவோ 'மை வார்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில், ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் மூன்று பாட்டுகளை ஆமை வேகத்தில் வாசித்தது. வேகத்துக்காகவே வந்த ரசிகர்கள் இரண்டு குழுக்கள்மீதும் கோபப்பட்டார்கள், மேடையை நோக்கித் துப்பினார்கள். ஆனால் அந்த மெதுவான மூன்று பாட்டுகள் சியாட்டில் பக்கத்து இளைஞர்களின் காதில் விழுந்து, பின்னால் கிரஞ்ச் என்று அழைக்கப்பட்ட இசைக்கு ஒரு வேராயின. 1993 நவம்பரில், அந்தக் கிரஞ்ச் குழுக்களில் ஒன்றான நிர்வானா எம்.டி.வி. அன்பிளக்ட் மேடையில் கிர்க்வுட் சகோதரர்களை அருகில் உட்காரவைத்து, மீட் பப்பெட்ஸின் இந்த ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுகளை வாசித்தது. உன்னைக் கேட்க இன்று வந்திருக்கும் நாற்பது பேர் முக்கியம்தான். அவர்களுக்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் அவர்களும் சலிப்பார்கள், நீயும் சலிப்பாய்.

ஆறாவது இங்கிலாந்திலிருந்து. 1984 பிப்ரவரியில் ரஃப் டிரேட் வெளியிட்ட ஸ்மித்ஸ் குழுவின் முதல் ஆல்பம். அதை அவர்கள் இரண்டு முறை பதிவுசெய்தார்கள். டிராய் டேட் தயாரித்த முதல் வடிவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஜான் போர்ட்டருடன் மறுபடி தொடங்கினார்கள். ஒரு சிறிய நிறுவனத்துக்கு அது பெரிய செலவு. அப்படியும் செய்தார்கள். முதல் டேக்கே போதும் என்று மேலே சொன்னவன் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: வந்தது சரியில்லை என்று நீங்கள் மூவரும் மனதார உணர்ந்தால், வெளியிடாதீர்கள். செலவழித்த பணத்தை நினைத்து அரைமனதாக வெளியிட்ட ஆல்பம் உன் பெயரோடு கடைசிவரை இருக்கும்.

இனி, யாரும் பாட்டாக எழுதாத ஒரு விஷயம். பிளாக் ஃபிளாக் 1981-இல் 'டேமேஜ்ட்' ஆல்பத்துக்காக யூனிகார்ன் என்ற நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. தகராறு நீதிமன்றம்வரை போய், தங்கள் பெயரிலேயே புதிய ஆல்பம் வெளியிட முடியாமல் அந்தக் குழு முடங்கியது. வழியில் இருவர் சில நாட்கள் சிறையிலும் இருந்தார்கள். யூனிகார்ன் திவாலான பிறகே 1984-இல் தேங்கிய இசையெல்லாம் அடுத்தடுத்து வெளிவந்தது. பிளாக் ஃபிளாக்கின் கிரெக் ஜின் நடத்திய அதே எஸ்.எஸ்.டி.யோடு, ராயல்டி கணக்கு கேட்டுப் பின்னாளில் சில குழுக்களே மோத வேண்டிவந்தது. நண்பர்களின் நிறுவனம் என்பதாலேயே கணக்கு நேராக இருக்கும் என்று நினைக்காதே. மாஸ்டர் பதிவு யாருடையது, எத்தனை ஆண்டுக்கு உரிமை, காசு எப்போது வரும், கணக்கை யார் பார்க்கலாம் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு. உங்கள் மூவருக்குள்ளும் பாட்டின் உரிமை எப்படிப் பிரிகிறது என்பதை முதல் ரூபாய் வருவதற்கு முன்பே எழுதிவையுங்கள்.

'ஸென் ஆர்கேட்' முதலில் ஐயாயிரம் பிரதிக்குமேல் அச்சாகவில்லை. நல்ல விமர்சனங்கள் வந்து எல்லோரும் தேடிய நேரத்தில் கடைகளில் தட்டு இல்லை. உன் காலத்தில் பிரதி தீர்ந்துபோகாது. கேட்பவர் எங்கிருந்தாலும் ஒரு நொடியில் கிடைக்கும். உன் சிக்கல் அதற்கு நேர்மாறானது: எல்லோருக்கும் கிடைப்பதாலேயே யாரும் நின்று கேட்பதில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, நேரில் வாசிப்பது. கல்லூரி விழா, தேநீர்க் கடை மாடி, தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடி, எங்கே கூப்பிட்டாலும் போங்கள்.

இப்போது உன் இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில். ஓராண்டு பொறுக்காதே. இன்றிலிருந்து நான்கு மாதம் தள்ளி, கட்டுப்படியாகும் ஒரு ஸ்டுடியோவில் மூன்று நாள் பேசி முன்பணம் கொடுத்துவிடு. தேதி கையில் இருந்தால்தான் ஒத்திகைக்கு உயிர் வரும். அந்த நான்கு மாதமும் வாரம் நான்கு நாள் மூவரும் ஒரே அறையில் வாசியுங்கள். ஒவ்வொரு வாரமும் போனில் பதிவுசெய்து, மறுநாள் தனித்தனியாகக் கேளுங்கள். பதினோரு பாட்டில் மூன்றை நீக்குங்கள். எந்த மூன்று என்பதை மேடை சொல்லும். நிறுத்தாமல், ஒருவரை ஒருவர் பார்க்காமல், முழு ஆல்பத்தையும் வரிசையாக வாசிக்க முடிகிற நாளில் நீங்கள் தயார்.

டி. பூன் 1985 டிசம்பரில் அரிசோனாவில் நடந்த வேன் விபத்தில் இறந்தார். வயது 27. அவர் வசதி வரட்டும் என்று காத்திருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல் எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது. உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பாட்டு இருக்கிறது, மூவரும் ஒரே ஊரில் இருக்கிறீர்கள், மூவருக்கும் மாலை நேரம் இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக அமைவது எந்த ஸ்டுடியோவைவிடவும் அரிது. இந்த வாரமே தேதியைக் குறித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பாட்டுகளுக்காகக் காத்திருக்கும் ஒரு ரசிகன்