சுமை தூக்கினால் பிரஷர் என்ன ஆகும்?



போன மாதக் குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தோம். காலையெல்லாம் சாந்துச் சட்டி சுமந்துவிட்டு வந்த அக்கா ஒருவருக்கு அளவு குறைவாக இருந்தது. "எனக்குத்தான் சரியாப் போச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்று கேட்டார். இந்தக் கேள்வி நம் எல்லோருக்கும் உரியது. ஆகவே இந்த மாதப் பாடம் இதுதான்.

தூக்கும்போது

சுமை தூக்கும்போது தசை இறுகி ரத்தக் குழாயை அழுத்துகிறது. இதயம் பலமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. பிரஷர் ஏறுகிறது. தம் கட்டித் தூக்கினால் இன்னும் ஏறும். 1985-ல் கனடாவில் எடை தூக்கிப் பழகிய 5 பேரைச் சோதித்தார்கள். மிகக் கனமான எடையை இரு கால்களாலும் தள்ளியபோது சராசரி அளவு 320/250 வரை போனது. சாதாரண அளவு 120/80 தானே!

இறக்கிய பிறகு

சுமையை இறக்கியதும் பிரஷர் சட்டென்று இறங்கிவிடும். பிறகு சில மணி நேரம் வழக்கத்தைவிடக் குறைவாகவும் இருக்கலாம். 2006-ல் வெளியான பிரேசில் நாட்டு ஆய்வில், ஆரோக்கியமான 17 பேர் தம் முழுப் பலத்தில் 40 சதவீத எடையை ஒரு நாளும், 80 சதவீத எடையை இன்னொரு நாளும் தூக்கினார்கள். மேல் அளவு இரண்டிலும் 6 முதல் 8 வரை குறைந்தது. கீழ் அளவோ லேசான எடைக்குப் பிறகுதான் குறைந்தது. உடம்புக்கு நல்லது என்று கனமாகத் தூக்க வேண்டியதில்லை என்பது இதில் தெரிகிறது.

அக்காவுக்குக் குறைந்ததும் இப்படித்தான் இருக்கும். நோய் போகவில்லை. வேலை முடிந்த நேரத்துக் குறைவு அது.

நாம் செய்ய வேண்டியவை

* தம் கட்டாதீர்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.
* 15 லிட்டர் குடத்தில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. சின்னக் குடத்தில் இரண்டு நடையாக எடுங்கள்.
* சுமை இறக்கி உட்கார்ந்தால் சட்டென்று எழுந்திருக்காதீர்கள். தலை சுற்றலாம்.
* பிரஷர் பார்க்கும் முன் அரை மணி நேரம் கடின வேலை, டீ, காபி, புகையிலை வேண்டாம். 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள்.
* 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருபவரிடம், "இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தேன்" என்று சொல்லுங்கள்.
* ஓய்வில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். 180/110-ஐத் தாண்டினால் அவரைப் பார்க்கும்வரை கனமான சுமை வேண்டாம்.
* டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அக்கா மறுவாரம் காலையில் ஓய்வாக உட்கார்ந்து பார்த்தார். 150/94 இருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வருகிறார். அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். சேமிப்பைப் பார்ப்பதுபோல் உடம்பையும் பார்ப்போம்!